முதல் பேஸில் வருவது வாயு இல்லை, சார்

"ஆட்டத்தை மட்டும் விடச் சொல்லிவிடாதீர்கள் டாக்டர்" என்று உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். சொல்லப்போவதில்லை. கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத பெங்களூரில், கல்லூரியில் பழகிய பேஸ்பாலை 57 வயதிலும் விடாமல், ஞாயிறு விடிந்ததும் அல்சூரிலிருந்து கையுறையோடு கிளம்புகிறவரைத் தடுக்க எனக்கு மனசு வராது. சாட்செல் பெய்ஜ் என்ற பந்துவீச்சாளர் 1965-ல், தம் 59-வது வயதில், அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் மூன்று இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. அதனால் வயதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன்.

நெஞ்சைச் சொல்லிப் பயமுறுத்துவேன். தோளுக்கும் முழங்கைக்கும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி: பந்தை அடித்துவிட்டு, ஓடித் தொடவேண்டிய முதல் இடமான முதல் பேஸுக்கு ஓடும்போது நடு நெஞ்சு இறுகுகிறது, சில நாள் தாடைவரை ஏறுகிறது, நின்றால் இரண்டு மூன்று நிமிஷத்தில் போய்விடுகிறது, "கேஸ்தான், ஈனோ குடித்தால் சரியாகிறது". ஈனோ குடித்ததால் சரியாகவில்லை சார், ஓடாமல் நின்றதால் சரியானது.

பந்தை அடிக்கிறவர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸ் 90 அடி, 27 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதுவரை சும்மா நின்ற உடம்பு திடீரென்று பாய்கிறது. அந்த நேரத்தில் இதயத் தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால் வந்து சேராது. அதுதான் அந்த இறுக்கம், ஆஞ்சைனா. வாயுவுக்கு நீங்கள் ஓடினால் என்ன, நின்றால் என்ன? அதோடு உங்களுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்கு இந்த வலி பல சமயம் மங்கலாகத்தான் தெரியும். போன மாதம் இரண்டாவது பேஸ் தாண்டினால்தான் வந்தது, இப்போது முதல் பேஸிலேயே வருகிறது என்கிறீர்களே, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இன்றைக்கே இதய மருத்துவரைப் பாருங்கள். ஜெயதேவா இதய மருத்துவமனை இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஈனோ குடிப்பதா?

ஆறு மாதம் முன்பு எடுத்த ஈசிஜி நார்மலாக இருந்தது என்று சமாதானம் சொல்லாதீர்கள். படுக்கவைத்து எடுக்கும் ஈசிஜியில், ஓடும்போது மட்டும் வரும் கோளாறு தெரியாமலே போகலாம். டிரெட்மில் சோதனையா, நேராக ஆஞ்சியோகிராமா என்பதை இதய மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்களாக ஏதாவது லேபுக்குப் போய் டிரெட்மில்லில் ஏறிவிடாதீர்கள்.

ஆட்டத்துக்கு முன் "தோளுக்காக" டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து போடுகிறீர்களாம். யார் எழுதிக்கொடுத்தது, மெடிக்கல் ஷாப் தம்பியா? அது மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். இன்றோடு நிறுத்துங்கள்.

மற்றதெல்லாம் சில்லறை. முட்டியில் வீக்கமும் வலியும் இல்லையென்றால் நீங்கள் எழுதிய அந்த 'டக் டக்' வெறும் சத்தம்தான். தோளுக்கு இப்போது எம்ஆர்ஐ வேண்டாம். 50 தாண்டிய தோளைப் படம் எடுத்தால் வலியே இல்லாதவர்களிடமும் கிழிசல் தெரிவதுண்டு. கையைத் தூக்கவே முடியாமல் போனால் அப்போது எலும்பு மருத்துவரைப் பார்க்கலாம். அப்புறம், இணையத்தில் படித்துவிட்டுப் பயப்படுகிறீர்களே, முழங்கை ஜவ்வுக்குச் செய்யும் அந்த டாமி ஜான் அறுவை சிகிச்சை! 1974-ல் ஃப்ராங்க் ஜோப் என்ற மருத்துவர் அதை முதலில் செய்தது, பந்து வீசியே பிழைத்த டாமி ஜான் என்ற பிட்சருக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் முதல் பேஸில் காவல் நிற்கிறவருக்கு எதற்கு அது?

இதய மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஓட்டமும் வேண்டாம், வீச்சும் வேண்டாம். வீட்டில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்; முதலில் மனைவியிடம் சொல்லுங்கள், கூட ஆடுகிறவர்களிடமும் சொல்லிவையுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, நின்றபிறகும் பத்து நிமிஷத்தில் போகாவிட்டாலோ, கூடவே வியர்த்துக்கொட்டினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். நீங்களே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பக்கூடாது.