தொண்டை கமறினால் நல்ல எண்ணெய்

கேள்வி: மேடம், மகள் ஒரு பாட்டில் ஆலிவ் எண்ணெய் வாங்கி அனுப்பினாள். 'நான்கு தலைமுறைக் குடும்பத் தோட்டம், எக்ஸ்ட்ரா விர்ஜின்' என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறது. ஆசையாக ஒரு ஸ்பூன் வாயில் விட்டேன். ஒரே கசப்பு. விழுங்கியதும் தொண்டை கமறி இருமலே வந்துவிட்டது. கெட்டுப்போனதை அவள் தலையில் கட்டிவிட்டார்களா? அவளிடம் எப்படிச் சொல்வது? (ஒரு வாசகி)

பதில்: ஒன்றும் சொல்ல வேண்டாம். நன்றி மட்டும் சொல்லுங்கள். எண்ணெயைச் சுவைத்துத் தரம் பிரிப்பவர்கள் நல்லவை என்று குறித்துக்கொள்வது மூன்று: பழ மணம், கசப்பு, கமறல். உங்கள் பாட்டிலில் கடைசி இரண்டும் தாராளமாக இருக்கின்றன.

அந்தக் கமறலுக்குக் காரணம் ஓலியோகாந்தால் என்ற பொருள். பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்து விஞ்ஞானி ஒருவர் சிசிலித் தீவில் புது எண்ணெயை விழுங்கியபோது, இது எங்கோ பட்ட கமறலாயிற்றே என்று யோசித்தார். அதற்கு முன்பு அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது இபுப்ரோஃபென் என்ற வலி மருந்தின் திரவ வடிவத்தை. இரண்டும் தொண்டையில் ஒரே மாதிரி எரிந்தன. உடம்பில் வேலை செய்வதும் ஒரே வழியில்தான் என்று 2005-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெய் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். 50 கிராம் எண்ணெயில் இருப்பது ஒரு வேளை மருந்தில் பத்தில் ஒரு பங்குதான்.

கெட்டுப்போன எண்ணெய்க்கு அடையாளம் கமறல் அல்ல, சிக்கு வாடை. பழைய வேர்க்கடலை, மெழுகுப் பென்சில், இந்த ரகம். நாக்கில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அப்படி இருந்தால் மட்டும் மகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: குடும்பத் தோட்டம், பாரம்பரிய முறை, முதல் குளிர் பிழிவு: இதற்கெல்லாம் அர்த்தம் உண்டா, இல்லை வெறும் விளம்பரமா?

பதில்: 26 வருடம் எண்ணெய் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் நான். எண்ணெயைக் கரைத்து, நிறம் மாறிக் காட்டும் பினால்ஃப்தலீன் நாலு சொட்டு விட்டு, அமிலத்தை முறிக்கும் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, இளஞ்சிவப்பு நிற்கிறதா என்று பார்த்தே கண்ணாடி பவர் ஏறியது. அந்தச் சோதனைக்கு எந்தக் குடும்பத்தையும் தெரியாது. அது அளப்பது எண்ணெயில் தனியே பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலத்தை. எக்ஸ்ட்ரா விர்ஜின் என்றால் அது 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2 சதவீதம் வரை போனால் அது விர்ஜின் மட்டும். வேறு சில ரசாயனச் சோதனைகளும் உண்டு. எல்லாம் முடிந்த பிறகு, பயிற்சி பெற்ற 8 முதல் 12 பேர் உட்கார்ந்து, 28 டிகிரிக்குச் சூடாக்கிய எண்ணெயை முகர்ந்து சுவைப்பார்கள். பழ மணம் இருக்க வேண்டும், குறை இருக்கக் கூடாது. கிண்ணம் நீலக் கண்ணாடியில் இருக்கும். நிறம் தெரிந்தால் மனசு ஏமாந்துவிடும். பச்சையாக இருந்தால் நல்லது என்ற நம்பிக்கையை இதிலேயே விட்டுவிடலாம்.

'குளிர்' என்பதற்கு ஐரோப்பிய விதிப்படி அர்த்தம் உண்டு: வேலை முழுவதும் 27 டிகிரிக்குக் கீழே நடந்திருக்க வேண்டும். 'பிழிவு'தான் பழங்கதை. இன்று பெரும்பாலும் யாரும் பிழிவதில்லை. கூழைச் சுழற்றி எண்ணெயைப் பிரிக்கிறார்கள்.

பாரம்பரியம் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு ஒரு கதை. ஓய்வு பெற்ற வருடம் இத்தாலியின் டஸ்கனியில் ஒரு குடும்பத் தோட்டத்தில் பதினோரு நாள் காய் பறிக்கப் போனேன். பெரிய கிழட்டு மரங்களை எதிர்பார்த்துப் போனால், ஒவ்வொன்றும் நாலைந்து ஒல்லித் தண்டுகளாக நிற்கிறது. 1985 ஜனவரிக் கடுங்குளிரில் அந்தப் பக்கத்து மரங்கள் கருகிவிட்டன, தரையோடு வெட்டிய அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தவை இவை என்றார் தோட்டத்துக்காரப் பெரியவர். வேருக்குப் பெரியவருடைய தாத்தாவின் வயது, தண்டுக்குப் பெரியவருடைய மகனின் வயது.

கீழே வலை விரித்து, கைச் சீப்பால் கிளையைக் கோதினால் காய் பொலபொலவென்று கொட்டும். மூட்டை கட்ட விடமாட்டார். துளை போட்ட பெட்டிதான். மூட்டையில் அமுங்கினால் காய் சூடேறிப் புளிக்கத் தொடங்கிவிடும். ஒரு மதியம் நான் ஒரு பெட்டியை வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். மொழி புரியாவிட்டாலும் திட்டு புரிந்தது.

அன்றன்று பறித்தது அன்றிரவே ஆலைக்குள் போயாக வேண்டும். 100 கிலோ காய் போட்டு 12 கிலோ எண்ணெய் வந்தால் அவருக்குச் சந்தோஷம். இன்னும் ஒரு மாதம் காய்களை மரத்திலேயே விட்டால் எண்ணெய் கூடுமே என்றேன். கூடும், கமறல் போய்விடும் என்றார்.

அவர் வீட்டுப் பாட்டிலில் கல் செக்குப் படம் இருக்கிறது. செக்கு எங்கே என்று கேட்டேன். வாசலில் பூத்தொட்டி வைக்க உதவுகிறது! அப்பா காலத்தில் கல்லில் அரைத்து, கூழை நார்ப் பாய்களில் பூசி அடுக்கி அழுத்துவார்களாம். பாயை எவ்வளவு கழுவினாலும் முந்தின நாள் கூழ் இடுக்கில் தங்கிப் புளிக்கும். அந்த வாடை புது எண்ணெயில் ஏறும். மகன் எஃகு இயந்திரம் வாங்கிய பிறகுதான் எண்ணெய் தேறியது என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. தோட்டமும் ஆலையும் ஒரே கையில் இருப்பதால், மரத்துக்கும் இயந்திரத்துக்கும் நடுவே சில மணி நேரம்தான். குடும்பத் தோட்டத்துக்கு நீங்கள் கூடுதல் விலை தருவதாக இருந்தால் இதற்காகத் தரலாம். செக்குப் படத்துக்காக வேண்டாம். லேபிளில் பறித்த மாதமும் வருடமும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடாதவர் எத்தனை தலைமுறை சொன்னாலும் நான் வாங்குவதில்லை.

கேள்வி: விலை உயர்ந்த பாட்டில். விசேஷ நாளுக்கு என்று எடுத்து வைக்கலாமா? ஒயின் போல நாளாக ஆக ருசி கூடுமா?

பதில்: கூடாது, குறையும். இது பழச்சாறு மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் பகை. நிறம் தரும் பச்சையமே வெளிச்சம் பட்டால் எண்ணெயைக் கெடுக்கும் வேலையில் இறங்கிவிடும். அதனால்தான் கருங்கண்ணாடி பாட்டில், தகர டின்.

இதையெல்லாம் படித்த நானே, பெரியவர் கொடுத்தனுப்பிய பாட்டிலைக் கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வைத்து, இரண்டு வருடம் கழித்துத் திறந்தேன். மெழுகுப் பென்சில் வாடை. விளக்கேற்றித் தீர்த்தேன். பறித்து ஒன்றரை வருடத்துக்குள் தீர்த்துவிடுங்கள், திறந்த பாட்டிலை இரண்டு மாதத்துக்குள்.

கேள்வி: ஃபிரிட்ஜில் வைத்தால் உறைவதுதான் அசல் என்கிறார்களே?

பதில்: உறையும், உறையாது, காய் ரகத்தைப் பொறுத்தது. கலப்படம் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கேள்வி: இதைச் சூடாக்கவே கூடாதா? 'லைட்' என்று விற்பது எடை குறைக்க உதவுமா?

பதில்: தாராளமாகச் சூடாக்கலாம். புகையத் தொடங்குவது சுமார் 190 டிகிரிக்கு மேல்தான். ஆனால் நீங்கள் காசு கொடுத்த மணம் அடுப்பிலேயே பறந்துவிடும், அதனால் நான் அடுப்பை அணைத்த பிறகுதான் மேலே ஊற்றுவேன். 'லைட்' என்பது சுத்திகரித்து மணமும் நிறமும் நீக்கியது. கிராமுக்கு 9 கலோரி, இதிலும் அதிலும் ஒன்றுதான்.