படத்தில் ஒரு பச்சை, கையில் ஒரு பச்சை

கேள்வி: பட்டை தீட்டிய கற்களை இணையத்தில் விற்கிறேன். புஷ்பராகம், கோமேதகம் எல்லாம் படத்தில் ஓரளவு சரியாக வந்துவிடுகின்றன. மரகதம் மட்டும் நேரில் நல்ல பசும்புல் நிறம், படத்தில் நீலம் கலந்த பச்சை. மாணிக்கமோ பட்டையே தெரியாமல் சிவப்புத் திட்டாக விழுகிறது. போன வாரம் ஒரு மரகதம் ‘நான் பார்த்த கல் இது இல்லை’ என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. புதுக் கேமரா வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். விலை உயர்ந்த கேமராவும் இந்த இரண்டு கற்களிடமும் தோற்கும். முதலில் உங்கள் மேசையைப் பாருங்கள். ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், தலைக்கு மேல் டியூப்லைட், பக்கத்தில் மஞ்சள் மேசை விளக்கு என்று இருந்தால் கேமரா எந்த வெளிச்சத்தை நம்புவது? ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அணைத்துவிடுங்கள். விளக்கு வாங்குவதாக இருந்தால் வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு 5000 முதல் 6500 கெல்வின் வரை உள்ளதாக, நிறத்தைச் சரியாகக் காட்டும் அளவான சி.ஆர்.ஐ. 90க்கு மேல் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் விளக்கை நேராக அடிக்காமல் முன்னால் மெல்லிய வெள்ளைத் துணியோ டிரேசிங் தாளோ கட்டினால் வெளிச்சம் பரவி விழும்.

அடுத்தது ஒயிட் பேலன்ஸ், அதாவது எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பு. ஆட்டோவில் விட்டால் பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது. படம் முழுக்கப் பச்சைக் கல்லாகவே நிறைந்திருக்கும்போது, ‘வெளிச்சமே பச்சையாக இருக்கிறது போல’ என்று நினைத்துக் கேமரா எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். கல்லை வைக்கும் இடத்தில் சாம்பல் நிற அட்டையை வைத்து, அதைக் காட்டி ஒயிட் பேலன்ஸை நிலைப்படுத்துங்கள். பிறகு கல்லை வையுங்கள். கைபேசியில் எடுப்பவர்கள் புரோ மோடுக்குப் போனால் இதைக் கையால் அமைக்க முடியும். எச்.டி.ஆர்., ‘காட்சி மேம்படுத்தல்’ போன்றவற்றை அணைத்துவிடுங்கள். அவையெல்லாம் சாப்பாட்டுத் தட்டையும் சூரிய அஸ்தமனத்தையும் அழகாக்கச் செய்தவை, கல்லுக்கு ஆகாது.

இவ்வளவு செய்தும் மரகதம் நீலமாகவே வரலாம். தவறு உங்களுடையது இல்லை. கேமராவின் சென்சார் நிறங்களைப் பிரித்துப் பார்க்கும் விதமும் நம் கண் பார்க்கும் விதமும் ஒன்றல்ல. சாதாரணப் பொருள்களில் இந்த வித்தியாசம் தெரியாது. குரோமியத்தால் நிறம் பெறும் மரகதம் போன்ற கற்களில் பளிச்சென்று தெரிந்துவிடும். டான்சனைட்டிலும் செவ்வந்திக்கல்லிலும் ஊதா குறைந்து நீலம் கூடுவதும் இந்த வகைக் கோளாறுதான். இங்கே கணினியில் கொஞ்சம் திருத்துவதில் தப்பே இல்லை. ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாக) எடுத்து, கல்லை அதே விளக்கின் கீழ் திரைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பச்சையின் சாயலை மட்டும் மஞ்சள் பக்கம் மெல்ல நகர்த்துங்கள். படம் முழுவதையும் நகர்த்தினால் பின்னணி காட்டிக்கொடுத்துவிடும். கல் பக்கத்தில் இல்லாமல், நினைவை வைத்துத் திருத்தவே கூடாது. நினைவில் இருக்கும் கல் எப்போதும் நேரில் இருப்பதைவிட அழகு.

மாணிக்கத்தின் பிரச்சினை வேறு. அது வெளிச்சத்தை வாங்கித் தானும் சிவப்பாக ஒளிரக்கூடிய கல். சென்சாரின் சிவப்புப் பகுதி சீக்கிரமே நிரம்பி வழிந்துவிடும். அப்படி வழிந்த இடத்தில் பட்டை, நிழல், உள்ளோட்டம் ஒன்றும் மிஞ்சாது. எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து எடுங்கள். படம் இருட்டாகத் தோன்றினாலும் பயப்பட வேண்டாம், பிறகு தூக்கிக்கொள்ளலாம். வெளிச்ச அளவை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமில் மொத்த வெளிச்சத்தைப் பார்க்காமல் சிவப்புக் கோட்டை மட்டும் பாருங்கள். அது வலது ஓரத்தில் போய் முட்டக் கூடாது.

எல்லாம் முடிந்த பிறகும் விளம்பரத்தில் ஒரு வரி சேருங்கள்: ‘நேரில் பச்சை இன்னும் சற்று மஞ்சள் கலந்திருக்கும்’ என்பது போல. வாங்குபவரின் திரை இரவு நேர மஞ்சள் அமைப்பில் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. எழுத்து எந்தத் திரையிலும் நிறம் மாறாது.

கேள்வி: படத்தில் கடல் நீலமாக ஜொலித்த நீலக்கல், வந்து சேர்ந்தபோது கிட்டத்தட்ட கறுப்பு. விற்றவர் ‘படத்தில் எந்தத் திருத்தமும் செய்யவில்லை’ என்று சத்தியம் செய்கிறார். ஏமாற்றுகிறாரா?

பதில்: திருத்தம் செய்யாமல் இருந்திருக்கலாம். அதற்கு அவசியமே இல்லை. அடர்ந்த நீலக்கல்லை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து ஜன்னலுக்கு எதிரே தூக்கினால் வெளிச்சம் பின்னாலிருந்து ஊடுருவிக் கல் விளக்குப் போல எரியும். அதை அப்படியே எடுத்திருப்பார். ஆனால் மோதிரத்தில் பதித்த கல்லுக்குப் பின்னால் விரல்தானே இருக்கிறது. வெளிச்சம் மேலிருந்து போய், அடிப் பட்டைகளில் மோதித் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பி வருவதுதான் நீங்கள் அணியும்போது தெரியும் நிறம்.

இனி வாங்கும்போது, கல்லை மேசையில் முகம் மேலே பார்க்க வைத்து, வெளிச்சம் முன்னாலிருந்து மட்டும் விழுமாறு எடுத்த படம் கேளுங்கள். கூடவே மெதுவாகச் சாய்த்துக் காட்டும் பத்து நொடி வீடியோ. அசையும்போது கறுத்த பகுதிகள் இடம் மாறி மாறி மின்னினால் சரி. நடுவில் ஒரு பகுதி அசையவே அசையாமல் வெளிறிக் கிடந்தால் அதைத் தொழிலில் ‘ஜன்னல்’ என்பார்கள். அடிப்பக்கம் ஆழமில்லாமல் வெட்டியதால் வெளிச்சம் திரும்பாமல் நேராகக் கீழே கொட்டிவிடுகிறது.

ஜன்னலைப் பிடிக்க ஒரு சுலப வழி உண்டு. அச்சடித்த தாளின் மேல் கல்லை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நன்றாக வெட்டிய கல்லில் பட்டைகளின் மினுக்கம்தான் தெரியும். ஜன்னல் உள்ள கல்லில் நடுவே ‘க’வோ ‘த’வோ உட்கார்ந்திருக்கும். அழகாக விரல்மேல் வைத்து எடுத்த படங்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். தோலின் நிறம் அந்த ஜன்னல் வழியே உள்ளே ஏறி, வெளிறிய கல்லுக்கு இல்லாத ரோஜா நிறத்தைக் கொடுத்துவிடும். நானே ஒருமுறை பச்சைச் சட்டையோடு உட்கார்ந்து நிறமற்ற கல் ஒன்றைப் படமெடுத்துவிட்டு, ஓரத்தில் தெரிந்த பச்சைக் கீற்று என்ன வகைக் குறை என்று அரை மணி நேரம் லூப் எனும் சின்னப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியிருக்கிறேன்.

கேள்வி: நட்சத்திர நீலக்கல்லில் நட்சத்திரம் படத்தில் விழவே மாட்டேன் என்கிறது.

பதில்: பரவிய வெளிச்சத்தில் விழாது. இந்த ஒரு வகைக்கு மட்டும் மேலே சொன்ன துணியை எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு சின்ன டார்ச், கல்லுக்கு நேர் மேலே. வைடூரியத்தின் கோட்டுக்கும் இதேதான். ஆனால் சாதாரண அறை வெளிச்சத்தில் எடுத்த இன்னொரு படத்தையும் சேர்த்துப் போடுங்கள். டார்ச் அடித்துக்கொண்டு யாரும் மோதிரம் போடுவதில்லை.

கேள்வி: கைபேசித் திரையில் புளியங்கொட்டை அளவு தெரிந்த கல், வந்தபோது மிளகு அளவு. காரட் எடை சரியாகத்தான் போட்டிருந்தார்கள். எங்கே ஏமாந்தேன்?

பதில்: காரட் எடையைச் சொல்லும், அகலத்தைச் சொல்லாது. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். சராசரியாக வெட்டிய ஒரு காரட் வட்ட வைரம் ஏறக்குறைய 6.5 மில்லிமீட்டர் குறுக்களவு இருக்கும். நீலக்கல் வைரத்தைவிட அடர்த்தி கூடியது, ஆகவே அதே எடையில் சிறியதாக இருக்கும். மரகதம் அடர்த்தி குறைந்தது, பெரியதாகத் தெரியும். இதற்கு மேல், வயிறு பெருத்த கல்லில் எடை முழுக்க அடியில் ஒளிந்திருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறீர்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மில்லிமீட்டரில் கேளுங்கள், பக்கவாட்டுப் படமும் கேளுங்கள். பிறகு ஸ்கேலை எடுத்து ஒரு தாளில் அந்த அளவுக்கு வரைந்து பாருங்கள்.

கேள்வி: கல்லின் படத்தில் தெரியும் கறுப்புப் புள்ளியைக் கணினியில் அழித்துவிட்டுப் போடலாமா? சின்னப் புள்ளிதான்.

பதில்: அது கல்லின் மேலே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா? தூசியாக இருந்தால் அழிக்கும் வேலையே வேண்டாம், ஊதி, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து மறுபடி எடுங்கள். உள்ளே இருப்பதாக இருந்தால் தொடக் கூடாது. அது கல்லின் அடையாளம். பரிசோதனைச் சான்றிதழில் குறிப்பிடப்பட்டிருக்கலாம், வாங்குபவர் 10 மடங்கு லூப் வைத்தால் முதலில் அதுதான் கண்ணில் படும். சந்தேகம் இருந்தால் கல்லைத் திருப்பிப் பாருங்கள். உட்புள்ளி பெரும்பாலும் பட்டைகளில் பிரதிபலித்து இரண்டு மூன்றாகப் பெருகும். மேல் பட்டையில் உள்ள தூசி எப்படித் திருப்பினாலும் ஒற்றையாக அதே பட்டையின் மேல் ஒட்டியிருக்கும்.

கேள்வி: அலெக்சாண்ட்ரைட் விற்கிறேன். பச்சைப் படம் போடுவதா, சிவப்புப் படமா?

பதில்: இரண்டும். பகல் வெளிச்சத்தில் பச்சை, பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு என்று மாறுவதற்குத்தானே அதற்கு விலை. ஒரு சிக்கல் உண்டு: குண்டு பல்பில் எடுக்கும்போது ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால் கேமரா தன் போக்கில் நிறத்தைச் சரிசெய்கிறேன் என்று கிளம்பிவிடும். இரண்டு வெளிச்சத்துக்கும் தனித்தனியாகச் சாம்பல் அட்டை வைத்து எடுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் எந்த விளக்கு என்று எழுதுங்கள். மாற்றம் பாதிதான் என்றால், பச்சையிலிருந்து பழுப்புக்குத்தான் போகிறது என்றால், அப்படியே எழுதுங்கள். முழுச் சிவப்பாகக் காட்டி விற்ற கல், முதல் இரவிலேயே திரும்பி வரக் கிளம்பிவிடும்.