பாஸ்போர்ட்டைக் கப்பலில் எங்கே வைப்பது?

கேள்வி: சிங்கப்பூரில் கப்பலேறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு அங்கேயே திரும்புகிறோம். கரையில் இறங்கும்போது பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டுமா? – வாசகி, மதுரை

பதில்: அதற்கு முன் விசாவைப் பாருங்கள். கப்பலேறினாலே சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி இறங்க மல்டிபிள் என்ட்ரி விசா வேண்டும்.

பாஸ்போர்ட், விசா பிரின்ட் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். ஊழியர்களிடம் கொடுக்கும் பெரிய பெட்டி கேபினுக்கு வர மாலையாகிவிடும். பாஸ்போர்ட் அதற்குள் இருந்தால் செக்-இன் கவுன்டரிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

சில கப்பல்களில் குடிநுழைவுச் சோதனைக்காக பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பயம் வேண்டாம், எப்போது, எந்தத் தளத்தில் திருப்பித் தருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாங்காவிட்டால் கேபின் லாக்கர்தான் சரி. ரகசிய எண்ணாகப் பிறந்த ஆண்டைப் போடாதீர்கள்.

கரைக்கு, கப்பலேறும்போது தரும் அடையாள அட்டையான கப்பல் அட்டையும் பாஸ்போர்ட், விசா நகல்களும் பெரும்பாலும் போதும். அசல் தேவைப்படும் துறைமுகமானால் முதல் நாளே அறிவிப்பார்கள். அன்றாட நிகழ்ச்சித் தாளில் உள்ள துறைமுக ஏஜென்ட் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் பிரதிநிதி) எண்ணைப் போனில் படமெடுத்து வையுங்கள். நீங்கள் நேரத்துக்கு வராவிட்டால், பல கப்பல்களில் லாக்கரைத் திறந்து பாஸ்போர்ட்டை அவரிடம்தான் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுவார்கள்.