அரசு ரயிலில் சாப்பாடு மட்டும் ஏன் தனியாரிடம்?

தருமபுரியில் பெங்களூரு வண்டி ஏறுகிறவர்கள் அடிக்கடி கேட்பதுதான் இது. இப்படித் தனியாரிடம் விடுவதற்குப் பெயர் அவுட்சோர்சிங், அதாவது பொறுப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேலையை மட்டும் வெளியாளிடம் விடுவது. சாப்பாட்டைக் கவனிக்க 1999-ல் ஐஆர்சிடிசி என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அது டெண்டர் விட்டு, உரிமக் கட்டணம் வாங்கிக்கொண்டு, பல வண்டிகளில் தனியாரை இறக்குகிறது. வண்டி ஓட்டுவது ஒரு வேலை, ஓடுகிற வண்டியில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சூடாகச் சோறு போடுவது வேறு வேலை, அதற்கெல்லாம் நிரந்தரச் சம்பளத்தில் ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. நம்ம ஊர்க் கல்யாணப் பந்தியைச் சமையல் கான்ட்ராக்டரிடம் விடுவது போலத்தான், ஆனால் ரசத்தில் உப்பில்லை என்றால் திட்டு வாங்குவது பெண் வீட்டார்தானே!

சரி, தனியார் என்பதால் விலையை அவர்களே வைத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. வழக்கமான சாப்பாட்டு விலை ரயில்வே வைத்தது, பில் கேளுங்கள், மறுத்தால் ரயில்வே உதவி எண் 139-ஐக் கூப்பிடுங்கள்.