'டேபிள்' என்றால் இப்போதா, அப்புறமா?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். போன வாரம் மீட்டிங்கில் எங்கள் அமெரிக்க மேனேஜர் ஒரு விஷயத்தைப் பற்றி "லெட்ஸ் டேபிள் திஸ்" என்றார். விவாதத்துக்கு எடுக்கச் சொல்கிறார் என்று நினைத்து, ராத்திரி கண்விழித்து பிபிடி தயார் செய்தேன். மறுநாள் அதைத் திறந்ததும், "தள்ளி வைத்துவிட்டோமே?" என்கிறார். தப்பு என் மேலா?

பதில்: இல்லை. நீங்கள் புரிந்துகொண்டது பிரிட்டிஷ் ஆங்கிலம், அவர் பேசியது அமெரிக்க ஆங்கிலம். பிரிட்டிஷ்காரர் 'டேபிள்' செய்தால் முன்வைக்கிறார். அமெரிக்கர் செய்தால் கிடப்பில் போடுகிறார். தமிழில் இரண்டுக்கும் தனித்தனி சொல் இருப்பதால் நமக்கு இந்தத் தொல்லை இல்லை.

இந்தியர்களுக்கு முதல் பொருள்தான் பழக்கம். டெல்லி நாடாளுமன்றத்தில் அறிக்கைகளை 'அவை மேசையில் வைப்பது' அன்றாட வேலை. 'டேபிள் செய்தார்கள்' என்று ஆங்கிலச் செய்தி சொன்னால் தாக்கல் ஆகிவிட்டது என்று அர்த்தம். அமெரிக்க காங்கிரஸிலோ, ஒரு தீர்மானத்தை டேபிள் செய்தால் பெரும்பாலும் அதன் கதை முடிந்தது.

இதில் நீங்கள் முதல் ஆளும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அவசர அறிக்கையை 'டேபிள்' செய்யக் கேட்க, அமெரிக்கர்கள் கூடாது என்று மறுக்க, நீண்ட நேரம் காரசாரமாக வாதம் நடந்திருக்கிறது. கடைசியில் பார்த்தால் இரு தரப்பும் கேட்டது ஒன்றைத்தான்! சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'ஆன் தி டேபிள்' என்றால் அதே அமெரிக்கருக்கும் 'பரிசீலனையில் இருக்கிறது' என்றுதான் பொருள். சம்பள உயர்வு 'ஆன் தி டேபிள்' என்றால் சந்தோஷப்படலாம். 'ஆஃப் தி டேபிள்' என்றால் அந்தப் பேச்சே இல்லை.

மற்றவை அவ்வளவு படுத்தாது. இன்டர்வியூவில் 'வாட் டூ யூ பிரிங் டு தி டேபிள்' என்று கேட்டால், உங்களால் எங்களுக்கு என்ன லாபம் என்கிறார்கள். 'அண்டர் தி டேபிள்', நம் ஊரில் 'கொஞ்சம் கவனிங்க' என்பார்களே, அந்தக் காசு. 'டர்ன் தி டேபிள்ஸ்' சாப்பாட்டு மேசையைப் பற்றியதே இல்லை. பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பேக்கமன் வகை பலகை ஆட்டங்களுக்கு ஆங்கிலத்தில் 'டேபிள்ஸ்' என்று பழைய பெயர். பலகையைத் திருப்பி வைத்தால் தோற்கிறவர் கை ஓங்கிவிடும். நம் ஓடமும் வண்டியும் மாதிரி.

சரி, அடுத்த மீட்டிங்குக்கு: மேனேஜர் அந்தச் சொல்லை எடுத்ததும் "டுடே ஆர் லேட்டர்?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். லண்டன்காரரும் அதே மீட்டிங்கில் இருந்தால் கட்டாயம் கேளுங்கள். மேனேஜரே 'ஃபார் நவ்' என்று சேர்த்துச் சொன்னால் கேட்கவே வேண்டாம், லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கப் போகலாம்.