அம்மாவின் பீங்கான் செட்: இணையத்தில் பார்த்த விலைக்குப் பாகம் தர வேண்டுமா?

கேள்வி: அம்மா உயில் எழுதாமல் காலமானார். நீல ‘வில்லோ’ டிசைன் (வில்லோ மரம், பாலம், பறவைகள் கொண்ட சீனபாணிப் படம்) போட்ட அவருடைய பழைய டின்னர் செட் என்னிடம் இருக்கிறது. அதே டிசைன் இணையத்தில் பெரிய விலைக்கு இருப்பதைப் பார்த்துவிட்டு, அந்தக் கணக்கில் பாதிப் பணம் கேட்கிறான் தம்பி. நான் தர வேண்டுமா?

பதில்: தம்பியும் வாரிசு என்றால் பாகம் உண்டு. எவ்வளவு என்பதை உங்களுக்குப் பொருந்தும் வாரிசுரிமைச் சட்டம் முடிவு செய்யும். செட் உங்கள் அலமாரியில் இருப்பதாலேயே உங்களுடையதாகிவிடாது. “அம்மா எனக்குத்தான் கொடுத்தார்” என்று சொல்வதானால், நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

ஆனால் தம்பி சொல்லும் விலை வேறு விஷயம். அது யாரோ ஒருவர் கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. காப்பீட்டுக்காகப் போடும் மாற்று விலையும் (அதே போன்ற ஒன்றை மறுபடி வாங்க ஆகும் செலவு) இதற்கு உதவாது. இதே நிலையில் உள்ள செட் பொதுச் சந்தையிலோ ஏலத்திலோ உண்மையில் என்ன விலைக்குப் போகிறது என்பதே கணக்கு.

டிசைனை மட்டும் வைத்து விலை சொல்லவே முடியாது. வில்லோ டிசைனை 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து எத்தனையோ ஆலைகள் அச்சிட்டிருக்கின்றன. தட்டைத் திருப்பி அடிமுத்திரையைப் பாருங்கள். அங்கே ஒரு வருடம் இருந்தால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம், பல சமயம் அது நிறுவனம் தொடங்கிய வருடமாக இருக்கும். ‘டிஷ்வாஷரில் கழுவலாம்’ என்று எழுதியிருந்தால் நூற்றாண்டுப் பழசு என்ற பேச்சுக்கே இடமில்லை. ‘ஆக்குபைட் ஜப்பான்’ (ஆக்கிரமிப்பில் இருந்த ஜப்பான்) என்றிருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1952-க்குள் செய்தது என்று கொள்ளலாம். ஒரே செட்டில் வேறு வேறு முத்திரைகள் கலந்திருப்பதும் சகஜம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். விளிம்பு உடைசல், மயிரிழை விரிசல், தேய்ந்த தங்கக்கோடு எல்லாமே விலையைக் குறைக்கும்.

சரி, இப்போது என்ன செய்வது? தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியல் போடுங்கள், முன்னும் பின்னும் படம் எடுங்கள். தகராறு தீரும்வரை ஒரு சாஸரைக்கூட விற்காதீர்கள். விற்றால் பிறகு கணக்கு காட்ட வேண்டிவரும். செட்டைத் தானே வாங்கிக்கொள்ள ஆசைப்படாத ஒரு மதிப்பீட்டாளரை இருவரும் சேர்ந்து நியமியுங்கள். எந்தத் தேதியின் மதிப்பு என்பதையும் முன்பே எழுத்தில் முடிவு செய்யுங்கள். அப்புறம் ஒருவர் வைத்துக்கொண்டு மற்றவருக்குப் பணம் தரலாம், அல்லது விற்றுப் பிரிக்கலாம். தட்டுகளைப் பாதிப் பாதியாகப் பிரிப்பது எனக்கு உடன்பாடில்லை, முழு செட்டுக்கு உள்ள மதிப்பு போய்விடும்.

ஆலையில் ஏராளமாக அச்சிட்ட செட்டுகள் பலவற்றுக்கு, வக்கீல் கட்டணம் அளவுக்குக்கூட விலை வராது. இதைத் தம்பியிடமும் சொல்லுங்கள். பணம் கொடுத்து முடித்தால், இந்தச் செட்டில் இனி உரிமை கோரமாட்டேன் என்று கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.