வாலியர் வீட்டு வாசல் ஏன் அவ்வளவு சின்னது?

போன இதழில் என் அம்மா ஊர்க் குத்துக்கல்லைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எனவே இந்த முறை எல்லாப் பதில்களும் கல்லைப் பற்றியே.

கேள்வி (ஓசூர் வாசகி): பிள்ளைகளை மல்லச்சந்திரம் மோரல் பாறைக்குக் கூட்டிப் போனேன். பலகைக் கற்களால் கட்டிய சின்னச் சின்ன அறைகள். அங்கே ஆடு மேய்த்தவர், "இது வாலியர் வீடு, குள்ளருங்க குடியிருந்தது" என்றார். பிள்ளைகள் நம்பிவிட்டார்கள். அது பொய் என்று எப்படிச் சொல்வது?

பதில்: பொய் என்று சொல்லாதீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழாசிரியையாக இருந்தபோது நானும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அந்தப் பாறைக்கு அழைத்துப் போவேன். முதல் தடவை எங்களோடு பள்ளிச் சத்துணவு ஆயாவும் வந்திருந்தார். நான் இரும்புக்காலம், ஈமச்சின்னம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பலகைக்கல்லில் இருந்த வட்டத் துளையைக் காட்டி, "டீச்சர், இதுல நீங்க நுழைய முடியுமா? அப்போ இதுல பூந்து வந்தவன் எத்தனை உயரம் இருந்திருப்பான்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. அவர் வாசலின் அளவைப் பார்த்து ஆளின் உயரத்தைக் கணக்கிட்டிருக்கிறார். கணக்கில் தப்பே இல்லை. அதை வீடு என்று எடுத்துக்கொண்டது மட்டும்தான் பிசகு.

இவை கல்லறைகள். தரைக்கு மேல் கட்டினால் கல்திட்டை, மண்ணுக்குள் இறக்கினால் கற்பதுக்கை. நான்கு பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல்லை ஏற்றுவார்கள். பதுக்கைகளில் ஒவ்வொரு பலகையும் அடுத்த பலகையைத் தாங்கும்படி ஸ்வஸ்திக வடிவில் நிறுத்தியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். வெளியிலிருந்து மண் அழுத்த அழுத்த அறை இன்னும் இறுகும். செத்தவரின் உடலை அப்படியே உள்ளே வைக்காமல், பிறகு எலும்புகளை மட்டும் எடுத்து வைப்பது பரவலான வழக்கம். எலும்பும் படையல் பானையும் போக அந்தத் துளை போதும். ஆள் நுழைய வேண்டிய தேவையே இல்லை.

அந்த ஆயா கேட்டதற்குப் பிறகுதான் இந்தக் கதைகளை நான் ஒழுங்காகக் கேட்க ஆரம்பித்தேன். மூடுகல்லின் எடையைப் பார்த்தவர்கள் பீமனை நினைத்துக்கொண்டு பாண்டவர் குழி என்றார்கள். மலபாரில் வழங்கிய 'பாண்டு குழி' என்ற பெயர் 1823-லேயே ஓர் ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பில் ஏறிவிட்டது. அறையின் அடக்கத்தைப் பார்த்த கேரளத்து மறையூர்க்காரர்கள் முனிவர் தவமிருந்த இடம் என்று முனியறை ஆக்கினார்கள். கர்நாடகத்தில் கொப்பல் பக்கம் ஹிரே பெனகல் குன்றில் நூற்றுக்கணக்கில் இருக்கும் கல்திட்டைகளை மோரியர் என்ற குள்ள இனத்தின் வீடுகள் என்கிறார்கள். எடை, துளை இரண்டையும் சேர்த்துப் பார்த்த நம் பக்கத்து ஆட்கள், "குள்ளர்தான், ஆனால் மலையைத் தூக்கும் பலம்" என்று முடித்தார்கள்.

முதுமக்கள் தாழிக் கதையும் இதே மாதிரிதான். சாவே வராமல் வயதான தாத்தா பாட்டிகள் சுருங்கிச் சுருங்கி மாடக்குழியில் வைக்கும் அளவுக்கு ஆகிவிடுவார்களாம். அப்புறம் விளக்கும் சோறும் வைத்துத் தாழிக்குள் இறக்கிவிடுவார்களாம். ஒரு பானைக்குள் முழு மனிதரின் எலும்பைக் கண்டவர் வேறு எப்படி யோசிப்பார்?

பிள்ளைகளிடம் ஒரு அளவு நாடாவைக் கொடுத்து அந்தத் துளையை அளக்கச் சொல்லுங்கள். மிச்சத்தை அவர்களே கேட்பார்கள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): எங்கள் ஊர்ச் சாலையோரத்தில் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருக்கிறது. இதுவும் கல்திட்டையா?

பதில்: இல்லை ஐயா. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடந்து வருபவர் யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் சுமையை இறக்கித் திரும்ப ஏற்றிக்கொள்ளத் தோள் உயரத்துக்கு வைத்தது. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்களின் நினைவாக இதை வைப்பது வழக்கம். இறக்காத சுமையோடு போனவளுக்காக மற்றவர் சுமையை இறக்க ஒரு இடம். கல்திட்டையைவிட வயது குறைவென்றாலும் தயவுசெய்து அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோவை வாசகி): மகன் வீட்டுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் போயிருந்தபோது ரோல்ரைட் என்ற இடத்தில் ஒரு கல்வட்டத்தைக் காட்டினார்கள். மூன்று தடவை எண்ணினேன், மூன்று கணக்கு வந்தது. "யாருக்குமே சரியாக வராது அத்தை" என்கிறாள் மருமகள். உண்மையா?

பதில்: உங்கள் மருமகள் சொன்னது அந்த ஊரின் பழைய கதை. ஒரு ரொட்டிக்காரர் கல்லுக்கு ஒரு ரொட்டி என்று வைத்து எண்ணப் பார்த்தாராம், அப்படியும் கணக்கு சரியாக வரவில்லையாம். ஏறத்தாழ 77 என்று சொல்வார்கள். சுண்ணாம்புக்கல் மழையில் அரித்து ஓட்டை ஓட்டையாகி, சில துண்டுகள் முழங்கால் உயரம்கூட இல்லாமல் நிற்கின்றன. விழுந்து கிடந்தவற்றில் பலவற்றை 1882-ல் மறுபடி நட்டார்கள். ஒரே கல் உடைந்த இரண்டு துண்டா, இரண்டு கல்லா என்று பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். கணக்கு எப்படி ஒத்துப்போகும்?

அந்தக் கற்கள் ஒரு சூனியக்காரி சபித்துக் கல்லாக்கிய அரசனும் படையும் என்பதையும் சொல்லியிருப்பார்களே? இங்கிலாந்தின் கார்ன்வாலில் வட்டமாக நிற்கும் 19 கற்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகாமல் நடனமாடிய பெண்களாம். பிரான்சில் கார்னாக்கில் வரிசை வரிசையாக நிற்கும் 3,000-க்கும் மேற்பட்ட கற்கள், கொர்னேலி என்ற புனிதரைத் துரத்தி வந்த ரோமானியப் படையாம். வரிசையாக நின்றால் படை, வட்டமாக நின்றால் கும்மி. அங்கே தனித்தனியாக நிமிர்ந்து நின்ற கல் மனிதராகிவிட்டது. இங்கே பெட்டியாகக் கட்டிய கல் வீடாகிவிட்டது. கல்லின் உருவம்தான் முதலில் கதையைத் தொடங்கி வைக்கிறது என்பது என் எண்ணம். சாபம், பாவம், புண்ணியம் எல்லாம் பிறகு அந்தந்த ஊர் சேர்த்தது.

தெலங்கானாவில் கிருஷ்ணா நதிக்கரை முடுமலில் நிற்கும் நெடுங்கற்களைத் தெய்வமாகவே ஆக்கிவிட்டார்கள். நிலுராள்ள திம்மப்பா, அதாவது நிற்கும் கற்களின் திம்மப்பா.

கேள்வி (தேனி வாசகர்): குத்துக்கல்லும் நடுகல்லும் ஒன்றா?

பதில்: உறவு உண்டு. குத்துக்கல் என்று நாம் சொல்லும் இரும்புக்கால நெடுங்கல்லில் பொதுவாக எழுத்தோ உருவமோ இருக்காது. பின்னால் வந்த நடுகல்லில் இறந்தவனின் பெயரையும் செயலையும் வெட்டினார்கள். உங்கள் மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த கற்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்த தீயன் அந்தவன் என்பவனின் பெயர் தமிழ்ப் பிராமி என்ற பழைய எழுத்தில் இருக்கிறது. எங்கள் பக்கம் நடுகற்களை வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள்.

கேள்வி (ஈரோடு மாவட்ட விவசாயி): என் காட்டில் ஒரு கல்வட்டம் இருக்கிறது. தொட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்றார் அப்பா. அடியில் தங்கம் என்கிறார் பக்கத்துக் காட்டுக்காரர். பொக்லைன் வைத்து எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன். இப்படிப்பட்ட ஈமக்குழிகளில் பெரும்பாலும் கிடைப்பது கறுப்பு சிவப்புப் பானை, துருப்பிடித்த இரும்புக் கருவி, எலும்புத் துண்டு. உங்கள் மாவட்டத்துக் கொடுமணலில் சூதுபவளம் என்ற சிவப்புக் கல் மணிகள் கிடைத்தன. அவற்றின் மதிப்பு எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் இருந்தது என்பதில்தான் இருக்கிறது. பொக்லைன் ஒரு வாரு வாரினால் அது போய்விடும். மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது.

என் அம்மா ஊரில் பசு கன்று ஈன்றால் முதல் சீம்பாலைக் குத்துக்கல்லுக்கு ஊற்றிய பிறகுதான் வீட்டில் காய்ச்சுவார்கள். பாட்டி காலம் வரை நடந்தது. அப்புறம் நிலம் கைமாறியது. வாங்கியவருக்கு அந்த வழக்கம் தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை. ஒரே நாளில் வேலிக்கல்லாகப் பிளந்துவிட்டார்கள். என் அம்மா அந்தத் துண்டு ஒன்றைக் கையால் தடவிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அதனால்தான் உங்கள் அப்பா சொன்னதை மூடநம்பிக்கை என்று என்னால் தள்ள முடியவில்லை. இத்தனை காலம் அந்தக் கற்களை அசையாமல் வைத்திருந்தது அந்தப் பேச்சுதான்.

வட்டத்தைச் சுற்றி நாலடி விட்டு உழுங்கள். வி.ஏ.ஓ.விடம் எழுத்தில் தெரிவியுங்கள், ஈரோடு அரசு அருங்காட்சியகத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். எனக்குப் படம் அனுப்பும்போது கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிற்க வைத்து எடுங்கள், உயரம் தெரியும். அப்பா அந்த வட்டத்தை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.